சாமி அறையில் இருந்த காம்பஸ் பெட்டி

பரஸ்தானம் என்றால் என்னவென்று என்னோடு பள்ளியில் படித்த நம் வயதுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பேரப்பிள்ளைகள் யாராவது இதை எடுத்துப் படிக்கக்கூடும், அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். புறப்பட வேண்டிய நாளில் நேரமோ திசையோ சரியில்லை என்றால், முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து, கூடக் கொண்டுபோகிற பொருள் ஒன்றை வழியில் இருக்கிற இன்னொரு வீட்டில் வைத்துவிட்டு வருவது. பொருள் கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியது போலத்தான். மறுநாள் போகிற போக்கில் அதை எடுத்துக்கொண்டு போகலாம்.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்பீர்கள். கெட்டுப்போனதைத்தான் எழுதப்போகிறேன். கோபத்தோடுதான் எழுதுவேன். எண்பதைத் தாண்டிய கிழவிக்கு இன்னும் என்ன கோபம் என்று என் தம்பி கேட்கிறான். அவனுக்கு என்ன தெரியும், அவன் பெட்டியையா கொண்டுபோய் வைத்தார்கள்?

நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. உங்களில் பலர் அதற்குள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு மாறிவிட்டீர்கள். பிரெஞ்சுக்காரனே மூட்டை கட்டிவிட்டான், இனி அந்தப் படிப்பு எதற்கு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் மாறவில்லை. எனக்குக் கணக்கு வந்தது, அந்தக் கணக்கு பிரெஞ்சில் வந்தது, அவ்வளவுதான் காரணம். பாக் என்று நாம் சொல்லும் கடைசிப் பரிட்சைக்குக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்த பெண்கள் அந்த வருஷம் இரண்டே பேர். ஒருத்தி டாக்டர் வீட்டுப் பெண். இன்னொருத்தி நான்.

கணக்கு வாத்தியார் காரைக்கால்காரர். பாடம் பிரெஞ்சில், திட்டு தமிழில். ஊதா மசி அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு கறையாக இருக்கும். வடிவக் கணக்கு என்றால் அவருக்கு உயிர். படம் சுத்தமாக இல்லை என்றால் விடையைப் படிக்கவே மாட்டார். ஒரு நாள் ஒரு பையன் அவசரத்தில் கையாலேயே வட்டம் போட்டுக் காட்டினான்.

"இது வட்டமில்லடா, உருளைக்கெழங்கு. பரிட்சையில தாள் திருத்தறவன் உருளைக்கெழங்குக்கு மார்க் போட மாட்டான். கொழம்பு வச்சிக்கோ" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். எனக்குச் சிரிக்க உரிமை இருந்தது, ஏனென்றால் அந்த வகுப்பிலேயே நல்ல காம்பஸ் என்னிடம்தான் இருந்தது. சைகோனில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு முறை ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தது. கறுப்புப் பெட்டி. திறந்தால் உள்ளே நீல வெல்வெட், ஒவ்வொரு சாமானுக்கும் அதனதன் வடிவத்தில் ஒரு பள்ளம். பித்தளைக் காம்பஸ், முள் இரண்டும் கூரான டிவைடர், சின்னதாக ஒரு திருகாணி டப்பா. மூடியைத் திறக்கும்போது பித்தளை வாசனையும் கப்பல் சாமான்களுக்கே உரிய கற்பூரம் மாதிரி ஒரு வாசனையும் வரும். காம்பஸின் மூட்டு அத்தனை வழுவழுப்பாகத் திரும்பும். பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கிவிட்டுத்தான் அதை எடுப்பேன். அந்த வருஷம் முழுக்க என் கட்டைவிரலில் அதன் தலை அழுத்திய தடம் இருந்தது.

அத்தை அதை முதன்முதலில் பார்த்தபோது டிவைடரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது இன்னாது, பல்லு புடுங்கறதா?" என்று கேட்டார்.

அத்தை அப்பாவின் அக்கா. ஊரின் நடுவே ஓடும் பெரிய வாய்க்காலுக்கு எங்கள் பக்கம், ஏறக்குறைய வாய்க்கால் கரையிலேயே அவர் வீடு. அவருக்கு ஒரே மகன், மில்லில் குமாஸ்தா. நான் பிறந்தபோதே இவள் என் வீட்டுக்குத்தான் என்று அத்தை சொல்லிவைத்துவிட்டார். அப்பா மறுக்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை. நான் பாக் வரைக்கும் வந்துவிட்ட பிறகு அத்தைக்குப் பொறுக்கவில்லை. அந்த வருஷம் பொங்கலுக்கு வந்தவர் அப்பாவை உட்காரவைத்து ஒரு முடிவு வாங்கிக்கொண்டுதான் போனார்.

"பாஸ் பண்ணா படிக்கட்டும் தம்பி, நான் இன்னா வேணாம்னா சொல்றேன்? பெயிலாயிட்டா அடுத்த தையில கல்யாணம். இதுக்கு மேல எம்புள்ளய காக்க வைக்காத."

"சரிக்கா" என்றார் அப்பா.

என்னை யாரும் கேட்கவில்லை. நான் பக்கத்து அறையில் ஒரு முக்கோணத்தின் மூன்று குத்துயரங்களும் ஒரே புள்ளியில் சந்திக்கும் என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கணக்கும் எனக்கு ஒரே கேள்விதான்: மேலே படிப்பா, மில் குமாஸ்தாவின் வீடா?

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேரி என்று நாம் சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் வேலை. கோட்டுப் போட்டுக்கொண்டுதான் போவார். காகிதத்தில் பிரெஞ்சில் கையெழுத்துப் போடுவார், ஆனால் பஞ்சாங்கம் பார்த்துத்தான் போடுவார். என் படிப்புக்கு அவர் செய்த உதவிகளை இன்று நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கிழக்கே பார்த்து உட்கார்ந்து படித்தால்தான் வித்தை ஏறும் என்று என் மேஜையைத் திருப்பிப் போட்டார். ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. என் நிழல் என் தாளிலேயே விழுந்தது. நான் போட்ட கோடு எனக்கே தெரியவில்லை. ஞாபகசக்திக்கு என்று தினமும் வெறும் வயிற்றில் வல்லாரைக் கீரையை அரைத்துக் கொடுத்தார். கணக்குக்கு எதற்கு ஞாபகம் என்று சொன்னால் வாயை மூடு என்பார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவருக்கு. நான் பாஸாக வேண்டும் என்று அவரும்தான் தவித்தார். ஆனால் கணக்குப் போட்டால் பாஸாகலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

பரிட்சைத் தேதி வந்தது. கணக்குத் தாள் திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு. அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்தார், முகம் வெளுத்துவிட்டது. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகுகாலம். அது போதாதென்று திங்கட்கிழமை கிழக்கே சூலம். எங்கள் வீடு ஊரின் மேற்கில். பரிட்சை நடக்கிற கட்டடம் வாய்க்காலைத் தாண்டிக் கடல் பக்கம். கிழக்கே போகாமல் பரிட்சைக்குப் போக வழியில்லை. அப்போதுதான் அவருக்குப் பரஸ்தானம் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை காம்பஸ் பெட்டியை ஒரு மஞ்சள் துணியில் வைத்துக் கட்டினார்.

"வேற எதாவது வைங்கப்பா. கொடைய வைங்க. இன்னைக்குப் பூரா எனக்கு அது வேணும்" என்றேன்.

"கொடையா பரிட்ச எழுதப் போவுது? எதால எழுதறியோ அதத்தான் வைக்கணும்."

"அப்பன்னா பேனாவ வைங்க."

"பேனா எல்லார்கிட்டயும்தான் இருக்குது. இது கடல் தாண்டி வந்த பொருளு. இதுக்குத்தான் சக்தி."

எங்கே வைக்கப்போகிறார் என்று தெரிந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அப்பாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

"வேற வீடே கெடைக்கலியா?" என்றார்.

"கூடப் பொறந்தவ வீடு. போற வழியில இருக்குது. இதவிட நல்ல எடம் ஏது?" என்று சொல்லிவிட்டு அப்பா செருப்பை மாட்டினார். அன்று பகல் முழுக்க நான் காம்பஸ் இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை. சீக்கிரமே கிளம்பி, ஏழரைக்கு முன்பே அத்தை வீட்டில் பெட்டியை எடுத்துக்கொண்டு பரிட்சைக் கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. அப்பா கூட வர முடியாது. அவர் வேலைக்குப் போகவே ராகுகாலம் முடிய வேண்டும். அம்மா தலைபின்னி, வாழைநாரில் நெருக்கமாகத் தொடுத்த கனகாம்பரத்தை வைத்துவிட்டார். தண்ணீர் தெளித்த நார், கழுத்தில் சில்லென்று இருந்தது. வாசலில் ஆள் தள்ளும் புஸ்புஸ் வண்டி காத்திருந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன், எதிரே ஒருவர் விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அப்பா ஓடிவந்து வண்டியை நிறுத்தினார்.

"எறங்கு. உள்ள வந்து ஒக்காந்து தண்ணி குடிச்சிட்டு கெளம்பு."

இறங்கினேன். உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். சகுனம் பார்க்க அம்மாவை எதிரே வரச் சொன்னார். அம்மா வந்தார். மறுபடியும் வண்டியில் ஏறும்போது ஏழரைக்குக் கொஞ்சம்தான் இருந்தது. "வாசல நல்ல நேரத்துலயே தாண்டிட்ட, போதும்" என்று அப்பா நிம்மதியாகத் தலையாட்டினார்.

அத்தை வீட்டு வாசலில் கோலம் காய்ந்திருந்தது. அத்தை குளித்து முடித்து ஈரத்தலையில் துண்டோடு நின்றிருந்தார். அத்தை மகன் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தே, பொட்டியக் குடுங்க. நேரமாச்சி."

"ராகுகாலம் பொறந்துடுச்சேம்மா" என்றார் அத்தை.

"பரவால்ல, குடுங்க."

"இன்னா பரவால்ல? நல்ல நேரத்துல வச்ச பொருள ராகுகாலத்துல எடுத்தா, வச்சதுக்கே அர்த்தமில்ல. வெக்காததவிடக் கேடு. ஒம்போது மணிக்கு மேல வந்து எடுத்துக்கோ, நானே வெளக்கேத்தித் தர்றேன்."

"பரிட்ச எட்டு மணிக்கு அத்தே."

"அதான் பொருளு கெளம்பிடுச்சில்ல. நீ போய் ஒக்காரு. பொருளு இங்கயிருந்து ஒனக்காக வேல செய்யும்."

நான் சாமி அறைப் பக்கம் போகப் பார்த்தேன். அவர் நடையிலேயே குறுக்கே நின்றுகொண்டார். கதவு திறந்துதான் இருந்தது. அவர் தோளுக்குப் பின்னால் படங்களுக்கு முன் என் பெட்டி தெரிந்தது. மூடியில் சந்தனம் பூசி நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்திருந்தார்கள். கிணற்றடியில் இருந்தவர் வாயில் நுரையோடு பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வண்டிக்காரர் வெளியே மணியை அடித்துக்கொண்டே இருந்தார்.

பல வருஷம் கழித்து என் தோழி ஒருத்தி கேட்டாள், உன் அத்தை வேண்டுமென்றேதான் செய்தாரா என்று. இல்லை. வேண்டுமென்று செய்திருந்தால் நான் என்றோ மன்னித்திருப்பேன். மகனுக்காக ஒரு தாய் செய்த சூது என்று விட்டிருப்பேன். ஆனால் அத்தை அதை நம்பினார். எனக்கு நல்லது செய்கிறோம் என்று நெஞ்சார நினைத்துக்கொண்டுதான் வழிமறித்தார். சூதை எதிர்த்துச் சண்டை போடலாம். இதை எதிர்த்து என்ன செய்வது?

பரிட்சைக் கூடத்தில் கண்காணிப்பாளரிடம் போய் என்னிடம் காம்பஸ் இல்லை என்றேன். ஒருவர் பொருளை இன்னொருவர் வாங்கக் கூடாது என்று விதியைச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. டாக்டர் வீட்டுப் பெண் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

தாள் வந்தது. அதிக மார்க் உள்ள கேள்வி வடிவக் கணக்கு. ஒரு புள்ளி ஒரு கோட்டின் மேல் நகரும்போது இன்னொரு புள்ளி எந்தப் பாதையில் போகும், கண்டுபிடித்து வரை. படித்தவுடனே தெரிந்துவிட்டது, பாதை ஒரு வட்டம். நிரூபணமும் தெரிந்தது. எழுதினேன். படத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கு என்று வாத்தியார் குரல் காதில் கேட்டது. என் பெட்டி சந்தனத்தோடு அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. நான் இங்கே சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தாவணி ஓரத்தில் ஒரு நூலை உருவினேன். பருத்தி நூல். இழுத்தால் நீண்டது, வட்டம் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. அழித்தேன். தலையில் கை வைத்தபோது பூ தட்டுப்பட்டது. பின்னலிலிருந்து பிய்த்து எடுத்தேன். கனகாம்பரம் மடியெல்லாம் உதிர்ந்தது. நாரில் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் நகத்தால் கிழித்துப் பிரித்தேன். ஈரநார் நீளாது, இழுத்த இழுப்புக்கு நிற்கும். கொண்டை ஊசியை மையத்தில் குத்தி, நாரின் ஒரு முனையை அதில் கட்டி, மறுமுனையில் பென்சிலை முடிந்து சுற்றினேன். முதல் சுற்றில் ஊசி சாய்ந்தது. இரண்டாவது சுற்றில் கோடு போய்த் தொடங்கின இடத்திலேயே முட்டியது.

கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து நின்றார். ஊசியைப் பார்த்தார், நாரைப் பார்த்தார், தரையில் கிடந்த பூவைப் பார்த்தார். விதியில் இதற்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது, நகர்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் எப்படி எழுதினாய் என்று அப்பா கேட்டார். எழுதினேன் என்றேன். அதற்கு மேல் பேசினால் கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது. அம்மா மட்டும் தலையைப் பார்த்துவிட்டு, "பூ எங்கடி?" என்றார். உதிர்ந்துவிட்டது என்று சொன்னேன்.

பாஸ். பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் என் பெயரைப் பார்த்துவிட்டு வாத்தியார் என்னைப் பார்த்துத் தலையை ஒரு முறை அசைத்தார், அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு. நான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். வந்து பார்த்தால் எனக்கு முன்னால் செய்தி போய், அத்தையும் வந்துவிட்டார். கையில் தாம்பாளத் தட்டு. தேங்காய், பழம், வெற்றிலை, பூ, ஒரு புடவை. நடுவில் என் காம்பஸ் பெட்டி. கோபத்தில் அதைத் திரும்ப வாங்க நான் போகவே இல்லை.

"பாத்தியா தம்பி. எம்வூட்டு சாமி ரூம்ல இருந்த பொருளு. ஜெயிச்சிக் குடுத்துடுச்சி. பொருளு எங்கூட்டுக்கு முன்னாடியே வந்துடுச்சி, இனிமே ஆளுதான் பாக்கி. படிக்கறதுன்னா எங்கூட்டுலருந்து படிக்கட்டும்."

அப்பாவின் கண் கலங்கியிருந்தது. நன்றியில். பெயிலானால் அந்த வீடு, பாஸானாலும் அந்த வீடா?

"நான் அந்தப் பொட்டியத் தொடவே இல்ல. ராகுகாலம்னு அத்த குடுக்கல. காம்பஸே இல்லாமத்தான் எழுதினேன்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அப்பா அக்காவைப் பார்த்தார். அத்தை கொஞ்சமும் அசரவில்லை.

"ஆமா, தொடல. தொடாமலே பாஸ் பண்ணியிருக்கான்னா அதோட சக்தி எப்படின்னு பாத்துக்கோ" என்றார்.

அப்பா மெதுவாகத் தலையாட்டினார். நம்பிவிட்டார். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்களே, இது அதுகூட இல்லை. இங்கே காக்காய் உட்காரவே இல்லை. ஆனாலும் பழம் காக்காயுடையதாகிவிட்டது.

அப்போதுதான் அம்மா முன்னால் வந்தார். தட்டிலிருந்து பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். தட்டை அத்தை பக்கமே லேசாகத் தள்ளினார்.

"வச்ச பொருள எடுத்துக்கினா பயணம் கெளம்பிட்டதா அர்த்தம் அண்ணி. கெளம்பினவ எங்கயும் தங்கக் கூடாது, திரும்பவும் கூடாது. நீங்கதான எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க. இவ கெளம்பிட்டா. படிச்சி முடிக்கற வரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்காதீங்க."

அத்தை தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அப்பா தன் சாஸ்திரத்தாலேயே மடக்கப்பட்டு வாயைத் திறந்தபடி நின்றார். நான் தப்பித்தேன். மேலே படித்தேன், கணக்கு டீச்சரானேன், கல்யாணம் என் நேரத்துக்கு, எனக்குப் பிடித்தவரோடு நடந்தது. அத்தை மகனுக்கும் அரியாங்குப்பத்தில் நல்ல பெண் கிடைத்தாள்.

அம்மாவுக்கு நான் காலமெல்லாம் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், அம்மாவும்கூட என்னைக் காப்பாற்ற அவர்கள் கணக்கைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இவள் கணக்குப் போட்டாள், அதனால் பாஸானாள் என்று அந்தக் கூடத்தில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது செல்லுபடியாகியிருக்காது. மூடியில் பூசிய சந்தனம் இடுக்கு வழியாக வடிந்து காம்பஸின் மூட்டுக்குள் இறங்கி இறுகிவிட்டிருந்தது. எண்ணெய் போட்டேன், ஊசியால் சுரண்டினேன். பிறகு அது வழுவழுப்பாகத் திரும்பவே இல்லை. ஏதோ ஒரு வீடு மாறுதலில் பெட்டியும் தொலைந்தது.

அதற்கப்புறம் எங்கள் வம்சத்தில் யார் பரிட்சைக்குப் போனாலும் அத்தை வீட்டு சாமி அறையில் ஒரு பெட்டி இருக்கும். நான் பாஸானதுதான் அத்தாட்சி. கல்யாண வீடுகளில் என்னைக் காட்டியே அந்தக் கதையைச் சொல்வார்கள், தொடாமலே பாஸ் என்று. அத்தைக்குப் பிறகு அந்தப் பெருமை எப்படியோ என் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

சென்ற வருஷம் தம்பியின் பேத்தி வந்தாள். அதே பாக், அதே கணக்கு. ஒரு கால்குலேட்டரை நீட்டினாள்.

"ஆயா, தாத்தா இத உங்க சாமி ரூம்ல வைக்கச் சொன்னாரு. நாளைக்குப் போறப்ப எடுத்துக்கறேன்."

வாங்கி வாசல் கதவுக்குப் பக்கத்தில் செருப்பு வைக்கும் அலமாரி மேலே வைத்தேன். மறுநாள் அவள் தாமதமாக ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். செல்போனைப் பார்த்துவிட்டு வாசலிலேயே தயங்கினாள்.

"ராகுகாலம் ஆரம்பிச்சிடுச்சே ஆயா. எடுக்கலாமா?"

முட்டிவலியோடு படி இறங்கித் தெருவுக்கே போனேன். கால்குலேட்டரை அவள் கையில் திணித்து, வண்டியை நானே திருப்பிவிட்டேன்.

"போடி. போய்க் கணக்கப் போடு."

அவள் பாஸானாள். என் கைராசி என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். பேசித் தொலையட்டும். காம்பஸ் இல்லாமல் அந்த வட்டத்தை எதை வைத்துப் போட்டாய் என்று மட்டும் இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை.